‘ஒரு தலை ராகம்’ பார்க்க உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஞாயிறன்று மாலை மயிலாடுதுறையில் நண்பர்கள் ஒன்றுகூடி ‘ஒரு தலை ராகம்’ படத்தை மீண்டும் பார்ப்பதற்குக் கைகொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1980-இல் இந்தப் படம் வெளிவந்தபோது நாங்கள் கல்லூரி மாணவர்கள். இளையராஜாவின் இசை வீடுதோறும் ஒலித்த அந்நாளில், பெயரே கேட்டிராத டி. ராஜேந்தரின் பாடல்களுக்காகவே கொட்டகைக்குத் திரும்பத் திரும்பப் போனோம். இன்றோ ‘வாசமில்லா மலரிது’ பாட்டை முணுமுணுக்கும் பிள்ளைகளுக்குக்கூட அது இடம்பெற்ற படத்தின் பெயர் தெரிவதில்லை. அந்தக் குறைதான் இந்த முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

தம் மாடிக்கூடத்தை வாடகை வாங்காமல் தந்து, சன்னல்களுக்குக் கறுப்புத் துணியும் கட்டிக்கொடுத்த அண்ணனுக்கு முதல் நன்றி. கொட்டகை வாசலில் அன்று வாங்கிய பாட்டுப் புத்தகத்தை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றிக் கொண்டுவந்த தேநீர்க்கடை ஐயாவுக்குத் தனி நன்றி. துருவேறிய பின்னூசி தாளைத் தின்றிருந்தது. நடுப்பக்க ஓரத்தில், பிடித்த பாட்டுக்கு நேரே, அவர் பென்சிலால் இட்ட சுழி மட்டும் அழியாமல் இருந்தது.

மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியையும் தரங்கம்பாடிக் கிளைப்பாதை ரயிலையும் திரையில் கண்டபோது, அந்த ரயிலிலேயே நாள்தோறும் போய்வந்தவர்கள் பேச்சற்றுப் போனார்கள். 1986-இல் அந்தப் பாதை மூடப்பட்டது. மனத்தில் இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று நாயகி சுபத்ரா கடைசியில் வந்து நிற்க, நாயகன் ராஜா ரயில் இருக்கையில் உயிரற்றுச் சாய்ந்திருக்கும் காட்சி ஓடியபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொலைவிலிருந்து பேருந்து மாறி வந்த அவருக்கும் என் வணக்கம்.

எல்லோரையும்விட நான் கடன்பட்டிருப்பது, படம் முடிந்ததும் எழுந்து பேசிய ஆசிரியை அக்காவுக்கு. இந்தப் படத்தின் பாடல்கள் அனைத்தையும் டி.எம். சௌந்தரராஜன், எஸ்.பி. பாலசுப்ரமணியம், ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன் என ஆண்களே பாடியிருக்கிறார்கள் என்றும், காதல் இருந்தும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வாய் திறக்காத சுபத்ராவுக்கு ஒரு பாட்டுகூட இல்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அத்தனை முறை பார்த்த நாங்கள் ராஜாவுக்காகவே அழுதிருக்கிறோம். துன்பத்தைப் பாடித் தீர்க்கும் வழியாவது அவனுக்கு இருந்தது, அவளுக்கு அதுவும் இல்லை என்பது அன்று எங்களுக்கு உறைக்கவே இல்லை. படத்தின் வசனங்களில் சில இன்று நீளமாகத் தோன்றுவதும், கல்லூரிக் கேலிக் காட்சிகளில் சில முகம் சுளிக்க வைப்பதும் உண்மையே. ஆனாலும் அந்தப் பெண்ணின் மௌனத்தைப் படம் நெடுகத் தாங்கிய ரூபாவின் நடிப்புக்கு அக்கா வழியாக இப்போதாவது மதிப்புக் கொடுக்க முடிந்ததில் எனக்குப் பெரும் நிறைவு.

ஒலியைச் சீர்செய்த தம்பிக்கும், சுண்டலும் காபியும் தந்த வீட்டாருக்கும் எங்கள் அனைவரின் நன்றி. பாட்டுப் புத்தகத்தைப் புதிய உறையிட்டு ஐயாவிடம் திரும்ப ஒப்படைத்துவிட்டோம்.

நன்றியுடன்,
நிகழ்வை ஒருங்கிணைத்த நண்பர்கள் சார்பில்