சனிக்கிழமை கிரிக்கெட் பயிற்சி குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு மாலை. மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். "நீ ஏன்ப்பா ஆடப் போகலை?" என்று கேட்டேன். "பேட் இருக்கிறவங்கதான் ஆடலாமாம் டீச்சர்" என்றான். அப்படியொரு விதியைப் பள்ளி போடவில்லை. ஆனாலும் அது இத்தனை நாள் என் கண்ணில் படாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

நம் சென்னையில் ஒரு காலத்தில் பெரியவர்களையே இப்படி மரத்தடியில் உட்கார வைத்தார்கள். 1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுடையது. சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்களுக்கு பெவிலியனுக்குள் இடம் கிடையாது. உடை மாற்றுவது, மதியச் சாப்பாடு எல்லாம் மரத்தடியில்தான்.

மயிலாப்பூர் லஸ்ஸில் வசதியான வீட்டில் வளர்ந்த புச்சி பாபு நாயுடுவுக்கு இது பொறுக்கவில்லை. 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும், நம் பழைய மாணவர்கள் கல்லூரியில் படிக்கிற வயது! ஆடத் தெரிந்த பையன்களைத் தேடிப் பிடித்து, வேண்டிய சாமான்களைக் கொடுத்துப் பழக்கினார். வெள்ளையர் அணியும் இந்தியர் அணியும் ஆண்டுதோறும் நேருக்கு நேர் ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. 1908 டிசம்பரில் அந்த ஆட்டத்துக்கு ஏற்பாடும் ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை. கொஞ்ச நாள் முன்புதான் காலமாகியிருந்தார். பிற்பாடு அது சென்னையின் பொங்கல் ஆட்டமாகவே ஆகிவிட்டது. அவர் பெயரில் நடக்கும் போட்டி இன்றும் இருக்கிறது.

அவர் மகன் கோட்டா ராமசாமி 1922-இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 1936-இல் மான்செஸ்டரில் டெஸ்ட் கிரிக்கெட்டில் அறிமுகமானபோது அவருக்கு வயது 40. அடித்த ரன்கள் 40, 60. அப்புறம், திருவல்லிக்கேணி எம்.ஜே. கோபாலனையும் சொல்லியாக வேண்டும். 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில், இந்தியாவின் உள்நாட்டு கிரிக்கெட் போட்டியான ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். அந்த ரஞ்சி ஆட்டத்தில் நம் மெட்ராஸ் அணியின் ராம் சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூர் அணியின் கதை ஒரே நாளில் முடிந்தது.

சரி, நம் மைதானத்துக்கு வருகிறேன். விளையாட்டு அறையில் பொதுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். இப்போது அதில் இருப்பது மூன்று பேட், ஒரு ஜோடி கீப்பிங் க்ளவுஸ், கைப்பிடியில் புது டேப் சுற்றிய ஒரு பழைய பேட். உங்கள் வீட்டுப் பரணில் பேட், காலில் கட்டும் பேடு ஏதாவது சும்மா கிடந்தால் கொடுத்தனுப்புங்கள், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. பணமாகத் தர வேண்டாம். புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். அவர்களுக்கும் அதே நேரம், அதே பந்து. பத்தாம் வகுப்புப் பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: "பரீட்சை வருது, விளையாட்டு வேண்டாம்" என்று இந்த இரண்டு மணி நேரத்தையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

வரும் சனிக்கிழமை காலை 6.30 மணிக்குத் தொடங்குகிறோம். கேன்வாஸ் ஷூ போதும், தண்ணீர் பாட்டில் கட்டாயம். வேப்பமரத்தடியில் அன்று தண்ணீர்ப் பானை மட்டும்தான் இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்