தானம் அல்ல, கூலி

ஆசிரியருக்கு,

வெளிநாட்டு மிஷனரிப் பணி என்றால் பிரசங்கமும் பழைய துணி மூட்டையும்தான் என்று நினைப்பவர்கள் மடகாஸ்கரைப் பார்க்க வேண்டும். தலைநகர் அந்தனனரிவோவில் மேடு பள்ளமே வர்க்கப் பிரிவு. குன்றின் மேல் பழைய பிரபு குடும்பங்கள்; மழைநீர் வடியாத தாழ்வில் அடிமை வம்சத்தாரும் பிழைக்க வந்தவர்களும். அங்கே ஆண்ட்ரலனிட்ரா குப்பைமேட்டில் பொறுக்கி வாழ்ந்தவர்களோடு 1989-இல் அகமாசோவா இயக்கத்தைத் தொடங்கினார், அர்ஜென்டினாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார் பெட்ரோ ஒபேகா.

உடல் வலு உள்ளவருக்கு அங்கே எதுவும் இலவசமில்லை. கருங்கல்லைப் பிளந்து, சிறு சுத்தியலால் ஜல்லியாக உடைத்தால் கூலி உண்டு. கொத்து வேலையும் தச்சும் பழகி, தங்கள் வீடுகளைத் தாங்களே எழுப்புகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போயாக வேண்டும். கெடுபிடியாகத் தோன்றலாம், ஆனால் இந்தக் கண்டிப்பு இல்லாத இடங்களில் நிவாரண லாரிக்குக் காத்திருப்பதே தொழிலாகிவிடுகிறது.

உதவ விரும்பும் சபைகளுக்கு ஒன்று. அந்தனனரிவோ இருக்கும் மேட்டுநிலத்தில் செங்கல் அறுப்பது அறுவடை முடிந்த வயல் களிமண்ணில், மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில்தான். சூளை வைக்கத் தாமதமானால் நவம்பர் மழை சுடாத பச்சைச் செங்கல்லை மறுபடி சேறாக்கிவிடும். கிறிஸ்துமஸ் காணிக்கையைச் சேர்த்து ஜனவரியில் "உடனே வீடு கட்டுங்கள்" என்று அனுப்பாதீர்கள். ஏப்ரலுக்குள் கையில் கிடைக்கும்படி அனுப்புங்கள். எப்போது எதற்குச் செலவிடுவது என்பதை அங்கிருப்பவர்களிடமே விட்டுவிடுங்கள்.

– ஒரு வாசகர்