ரிச்சர்ட் கார்பென்டருக்கு ஓர் இடம் கேட்டு

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவினருக்கு,

வணக்கம்.

ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் உங்கள் அமைப்பில் சேர, ஒருவரின் முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. ரிச்சர்டும் தங்கை கேரனும் சேர்ந்த அமெரிக்க இசை ஜோடி கார்பென்டர்ஸின் முதல் ஆல்பம் வந்தது 1969 அக்டோபரில். அவர்களைத் தன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்த ஹெர்ப் ஆல்பர்ட்டை 2006-இல் சேர்த்தீர்கள். அவர்களின் ‘க்ளோஸ் டு யூ’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்த ஹால் பிளேன் 2000-லேயே உள்ளே வந்துவிட்டார். அவர்கள் பாடிய ‘சூப்பர்ஸ்டார்’ பாட்டை எழுதிய இருவரில் ஒருவரான லியான் ரஸல் 2011-இல் வந்தார். இவர்கள் தந்ததையெல்லாம் கோத்துப் பாட்டாக்கிய ரிச்சர்ட் கார்பென்டர் மட்டும் வாசலிலேயே நிற்கிறார்.

கேரனின் குரலைப் புகழாதவர்கள் இல்லை. அந்தக் குரலுக்கு எந்த ஸ்ருதி பொருந்தும் என்று முடிவு செய்தவர் அண்ணன். மேல்ஸ்தாயிக்கு ஏற்றிக் கைதட்டல் வாங்குவது சுலபம். அவரோ தங்கையைக் கீழ்ஸ்தாயியில் பாடவைத்தார். கீழே இறங்கும் குரலை பேஸ் கிட்டாரும் பியானோவின் இடது கையும் விழுங்கிவிடும். குரல் இறங்கும் இடத்தில் வாத்தியங்கள் ஒதுங்கினால்தான் அது காதில் விழும். ‘சூப்பர்ஸ்டார்’ சரணத்தில் வாத்தியங்கள் எவ்வளவு அடக்கம், பல்லவி வந்ததும் எப்படித் திரண்டு வருகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

பின்னணிக் குரல்களுக்கு வருவோம். நான்கு பாகங்கள், ஒவ்வொன்றையும் மும்முறை பாடிப் பதிந்தால் 12 குரல்கள். பாடியவர்கள் இரண்டே பேர். எளிதாகத் தோன்றும், செய்து பார்த்தால் தெரியும் கஷ்டம். சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’, ‘ட்’ ஒரே நொடியில் விழாவிட்டால் தரையில் பட்டாணி கொட்டியது போலிருக்கும். ஒருவர் ‘ஆ’வைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தாலும் ஸ்ருதி சரியாக இருந்தும் அந்தக் குரல் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நிற்கும். மூச்சு எடுக்கும் இடமும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். லாங் பீச் கல்லூரியில் ஃப்ராங்க் பூலரின் சேர்ந்திசைக் குழுவில் இருவரும் பெற்ற பயிற்சி இங்கேதான் கைகொடுத்தது. ஒலிப்பதிவு டேப்பில் இருப்பதோ 16 டிராக், அதாவது 16 தனித்தனிப் பதிவுத் தடங்கள். குரல்களை இரண்டு டிராக்கில் கலந்து இறக்கி, பழையதை அழித்தால்தான் வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் இடம் கிடைக்கும். அழித்த பிறகு அதில் ஒரு குரல் பிசகியது தெரிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பாட வேண்டும்.

இசையமைப்பாளர் பர்ட் பாக்கராக்கின் ‘க்ளோஸ் டு யூ’வை ஆல்பர்ட் கொடுத்தபோது, இடைப்பகுதி முடிவில் வரும் இரண்டு பியானோ உருட்டுகளை மட்டும் மாற்றாதே என்றார். மற்றவை எல்லாம் ரிச்சர்டின் கற்பனை: அந்த நிதான நடை, பாதியில் அரைச்சுருதி ஏறுவது, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப எழும் குரல்கள். 1970-இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்கு வாரம் முதலிடம்.

“மென்மையான பாட்டு, ராக் எங்கே?” என்பீர்கள். 1972-இல் வந்த ‘குட்பை டு லவ்’ கேளுங்கள். ரிச்சர்ட் மெட்டமைத்து, ஜான் பெட்டிஸ் வரிகள் எழுதிய சோகப் பாட்டு. அதன் நடுவே டோனி பெலுசோவின் கிட்டார், ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் ஃபஸ் கருவியில் கரகரத்து அழுகிறது. முதலில் மெட்டைச் சொல்லிவிட்டு, அப்புறம் கட்டவிழ்த்துப் பற என்பதுதான் பெலுசோவுக்கு ரிச்சர்ட் சொன்னது. ரசிகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் வந்தன. பிற்பாடு எத்தனையோ குழுக்கள் அதே வழியில் நடந்தன.

1966-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹாலிவுட் பௌல் அரங்கில் நடந்த இசைக்குழுப் போட்டியில் தங்கை டிரம்ஸ், நண்பர் ட்யூபா என்னும் பெரிய பித்தளை ஊதுகருவி, தான் பியானோ என்று மூவராக வென்றவர் ரிச்சர்ட். 1979-இல் தூக்க மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை. 1983-இல் கேரனின் மரணம். அதன் பின்னும் பழைய டேப்புகளை அவர் விடவில்லை. 2018-இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தி, தங்கையின் குரலுக்குப் புதிதாக வாத்தியங்கள் சேர்த்தார்.

இருவரையும் கார்பென்டர்ஸாகச் சேர்ப்பதே முறை. அது தள்ளிப்போகுமானால், இசை மேன்மைக்கான பிரிவில் அவர் பெயரை அடுத்த பட்டியலிலேயே வையுங்கள். அவர் 1946-இல் பிறந்தவர்; அவர் கையிலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
இசைக்கோர்ப்பும் சேர்ந்திசையும் பயிலும் தமிழ் ரசிகர்கள்