எங்கள் தையல் சங்கத்தின் ஆண்டறிக்கை, திருகோணமலை

தலைவி அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வீட்டு வேலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். பின்வரிசையில் இருக்கும் புதிய பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

சம்பிரதாயமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. மாரியில் ஒரு கூட்டம் மழையால் தள்ளிப்போனது. நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர் அங்கத்தவர்களுக்காகக் கூட்டத்தைக் காலையில் வைத்தோம். அந்த நேரம் எல்லோருக்கும் வசதியாகப் போனதால் அப்படியே தொடர்கிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். நான் அதற்குள் போகவில்லை.

இந்த ஆண்டு அதிகம் பேசியது, அதிகம் சண்டை பிடித்தது எல்லாம் கொப்பியைப் பற்றித்தான். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: துணி போர்த்திய கொப்பி இந்தச் சங்கத்தின் பழைய வேலை இல்லை. 2022 நெருக்கடியில் கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். கொப்பி விலை ஏறிய ஏற்றத்தைத் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதுதான் பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய ஒற்றைகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து, சட்டை வெட்டிய துண்டால் மட்டை போட ஆரம்பித்தோம். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாத காலம் அது. கால்மிதி மெஷின் வைத்திருந்தவர்கள் வீட்டில்தான் மற்ற வேலைகளும் நடந்தன. வில்லங்கத்தில் தொடங்கிய வேலை, இப்போது உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வரும் பயணிகள் கேட்டு வாங்கும் பொருளாகிவிட்டது.

சரி, மார்கழி ஓடருக்கு வருகிறேன். ஹோட்டல் ஒன்று விருந்தினர் அறைகளில் வைக்கவென்று கொப்பி கேட்டது. பெயர் வேண்டாம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். வேலை முடிந்தது, கொடுத்தோம், பாராட்டினார்கள். ஒரு கிழமையில் தொலைபேசி வந்தது: மட்டையெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டதாம். நம்மில் சிலர் உடனே பசையைக் குறை சொன்னார்கள், சிலர் ஒட்டிய ஆட்களை. இரண்டும் சரியில்லை என்பதே என் கருத்து.

பசையின் ஈரம் பட்டால் துணியும் கடதாசியும் விரியும். காயும்போது சுருங்கி மட்டையைத் தம் பக்கம் இழுக்கும். வெளியே துணி இழுப்பதை உள்ளே ஒட்டும் கடதாசி எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்யவேண்டும். அதற்கு இரண்டும் ஒரே சீராக, பாரத்தின் கீழ், மெதுவாகக் காயவேண்டும். மாரியில் மட்டைக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. நாள் கணக்கில் பாரம் வைத்தாலும் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்குமே தவிர உள்ளே காய்ந்திருக்காது. அதைக் கொண்டுபோய்க் குளிரூட்டிய அறையில் வைத்தால், உலர்ந்த காற்று மிச்ச ஈரத்தை ஒரேயடியாக உறிஞ்சிவிடும். வளையாமல் என்ன செய்யும்?

கோடை நமக்குச் சாதகம் என்று நினைக்கவும் வேண்டாம். கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும்போது முற்றத்தில் காயவைத்த மட்டைகளும் வளைந்தன. அது எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை: மேற்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்துவிடுகிறது. ஆகவே கோடையிலும் வீட்டுக்குள், நிழலில், பலகைக்கும் பாரத்துக்கும் நடுவில்தான் காயவேண்டும். இடையில் வைக்கும் உறிஞ்சு கடதாசியை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டுக்கல்லைப் பாரமாக வைத்த மூத்த அங்கத்தவரின் கொப்பிகள்தான் ஆண்டு முழுவதிலும் நேராக வந்தவை.

இதையொட்டிச் செயற்குழு எடுத்த முடிவு: ஐப்பசி முதல் தை வரை கொப்பிக்கு ஓடர் எடுப்பதில்லை. அந்த மாதங்களில் துணிப்பை, பென்சில் பை, அடுப்படிக் கைபிடித் துணி, ஊசி குத்தும் சிறு தலையணை என்று தையல் வேலை மட்டும். மாசியில் கடதாசியைக் கையில் எடுப்போம். பயணிகள் வரும் காலத்துக்குச் சரக்கு தயாராகிவிடும். காசு வரும் ஓடரைத் திருப்பி அனுப்புவதா என்று கேட்டவர்கள் உண்டு. வளைந்த கொப்பியைத் திருப்பி வாங்கிக் கொடுத்த காசையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் கடதாசி. சாதாரண ஏ4 தாளை இரண்டாக மடித்தால் ஏ5 அளவுக் கொப்பி வரும், அதுவே நாம் அதிகம் செய்வது. ஆனால் கடதாசிக்கும் துணியைப்போல ஒரு போக்கு உண்டு. நார் ஓடும் திசை கொப்பியின் முதுகுக்கு, அதாவது தைக்கும் பக்கத்துக்கு, சமாந்தரமாக இருந்தால்தான் பக்கங்கள் அலையாமல், திறந்தால் படிந்து கிடக்கும். கடையில் வாங்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடுகிறது. மடித்தால் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். நார் நீளவாட்டில் ஓடும் ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டி மடித்தால் சரியாக அமையும். சந்தேகம் இருந்தால் தாளை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக் கோடு ஓடும் திசையே போக்கு. இதைக் கற்றுக்கொடுத்தவர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா. இரண்டு பயிற்சி வகுப்புக்கும் தேத்தண்ணியைத் தவிர எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

நூல் விஷயத்தில் ஒரு சோதனை தோற்றது. கடற்கரை ஊரில் தங்கூசிக்கு, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூலுக்கு, பஞ்சமில்லை, அறவும் மாட்டாது என்று சிலர் அதை வைத்துத் தைத்தார்கள். முடிச்சு வழுக்கியது, மடிப்பில் கடதாசியையும் அறுத்துவிட்டது. தேன்மெழுகு பூசிய தடித்த பருத்தி நூலுக்கே திரும்பிவிட்டோம். ஐந்து தாள் சேர்த்த ஒரு மடிப்பு, அப்படி எட்டு மடிப்பு, 160 பக்கம். அதற்கு மேல் போனால் நம் கையால் தைக்கும் முதுகு தடித்துக்கொண்டு நிற்கிறது.

துணியைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். என் விருப்பம் சாரத் துணி. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கட்டம் மட்டையில் அழகாக உட்காரும். ஆனால் கட்டம் ஒரு நூல் பிசகினாலும் கொப்பியே கோணலாகத் தெரியும். தோய்த்து, கஞ்சி போட்டு, அயன் பிடித்த பிறகே வெட்டவும். பத்திக் துணியில் மெழுகு மிஞ்சியிருந்தால் பசை பிடிக்காது, கொதிநீரில் போட்டு எடுக்கவேண்டும். பட்டுச் சேலைத் துண்டில் பசை வெளியே ஊறிக் கறையாகும். பின்பக்கம் மெல்லிய கடதாசி ஒட்டிக் காயவைத்துவிட்டுப் பாவியுங்கள். சாயம் போகும் துணியா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பொது. கூறைச் சேலையின் மிச்சத்தைக் கொண்டுவந்து மகளுக்குக் கொப்பி செய்து கேட்ட அம்மாக்கள் இந்த ஆண்டு பலர். அந்த வேலையை அனுபவமுள்ளவர்களிடம் மட்டும் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். வெட்டிய பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது அல்லவா.

பசைக்குக் கோதுமை மாவில் துரிசு (மயில்துத்தம்) கலப்பது பழைய பைண்டிங்காரர் வழக்கம், பூச்சி அண்டாது. துரிசு நஞ்சு. பிள்ளைகள் கையாளும் பொருளில் அது வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். மட்டைக்கு வெள்ளைப் பசை, முதுகுக்கு மட்டும் கொஞ்சம் கராம்பு எண்ணெய் விட்ட மாப் பசை.

மாப் பசை மணத்துக்குப் பூச்சி மட்டும் வருவதில்லை. கோணேஸ்வரம் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நாம் மேசை போட்ட அன்று மான் ஒன்று வந்து ஒரு கொப்பியின் மூலையை நிதானமாக மென்றுவிட்டுப் போனது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பயணி அந்தக் கொப்பியையே கேட்டு முழு விலைக்கு வாங்கினார். இதை விற்பனை உத்தியாகத் தொடரலாம் என்ற இளையவர்களின் யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை.

விலை பற்றிய தகராறு இன்னும் தீரவில்லை. வெளிநாட்டவருக்கு ஒரு விலை, ஊராருக்கு ஒரு விலை என்று சிலர் மேசையில் சொல்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் நிற்பவர் கேட்டால் நமக்குத்தான் வெட்கம். பொருட்செலவு, தைத்தவரின் மணிக்கூலி, சங்கத்துக்கு ஒரு சிறு பங்கு, இவ்வளவும் சேர்ந்ததுதான் விலை. வீட்டில் இருந்து செய்ததுதானே என்று மணிக்கூலியை விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சாமான் கணக்கு மட்டும் போட்டால் எப்போதும் இலாபம் போலத்தான் தெரியும்.

கொழும்பில் ஒரு கடைக்குக் கடனுக்குக் கொடுத்த பென்சில் பைகளின் பணம் இன்னும் முழுதாக வரவில்லை. மூன்று கடிதம் போட்டாயிற்று. இனி பாதிப் பணம் முன்கூட்டி வராமல் பார்சல் கட்டக்கூடாது என்ற தீர்மானத்தை இன்று சபையின் முன் வைக்கிறேன்.

வேறு சில. பெரிய மட்டை வெட்டும் கத்தி வாங்கவேண்டும். கத்தரியால் மட்டை வெட்டி விரல் தழும்பானவர்கள் கையைக் காட்டினால் போதும், விளக்கம் தேவைப்படாது. மெஷினுக்கு எண்ணெய் விடும் பொறுப்பு மாதம் ஒருவருக்கு என்று அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது, தயவுசெய்து பாருங்கள். டெனிம் துணியில் பை தைப்பவர்கள் 14ஆம் இலக்க ஊசியை உடைப்பதை நிறுத்தி 16ஆம் இலக்கத்தைப் போடவும். இந்த ஆண்டு சேர்ந்த சிங்களச் சகோதரிகள் இருவருக்காக வகுப்புக் குறிப்புகளை இரு மொழியிலும் எழுதித்தரச் சம்மதித்த தங்கச்சிக்கு நன்றி. மண்டபத்தை வாடகையின்றித் தந்தவர்களுக்கும், வெட்டுத்துண்டுகளை மூட்டையாகக் கட்டிவைத்துத் தரும் நகரத் தையற்கடைக்காரர்களுக்கும் நன்றி.

சந்தா பாக்கி உள்ளவர்கள் தேத்தண்ணி இடைவேளையில் பொருளாளர் அக்காவைக் காணவும். அதன் பிறகு புதிய நிர்வாகத் தெரிவு. செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கவில்லை. பென்சில் பைக் கணக்குக் கோப்பை வருகிறவரிடம் ஒப்படைக்கத் தயாராக வைத்திருக்கிறேன்.

செயலாளர்