புதியவர் கையில் 410 வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகள் சிதறிப் பாயும் வேட்டைத் துப்பாக்கி) கட்டுரையில், பறவை சிறியதானால் துப்பாக்கியும் சிறியதாக இருக்கட்டும், புதிதாகப் பழகுகிறவர்கள் மிக ஒடுங்கிய குழலுள்ள 410-இல் தொடங்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் யோசனையை ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் படித்தபோது மனம் பொறுக்கவில்லை.

என் தம்பி மகனுக்கு நானும் அந்தத் தவற்றைத்தான் செய்தேன். உதை குறைவு, கைக்கு லேசு என்று 410-ஐக் கொடுத்தேன். முப்பத்தைந்து கஜத்தில் எழுந்த கவுதாரியைச் சுட்டான். இரண்டு இறகுகள் காற்றில் மிதந்தன. பறவை ஒரு கால் தொங்க, புதருக்கு அப்பால் போய் மறைந்தது. பொழுது சாயும்வரை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் நாற்பது கஜத்தில் பெரிய தாளைக் கட்டி, 75 செ.மீ. குறுக்களவில் வட்டம் போட்டுச் சுட்டுப் பார்த்தோம். துளைகளுக்கு நடுவே என் இரண்டு கைகளையும் விரித்து வைத்தேன். அப்படியும் ஒரு துளைகூட மறையாத இடங்கள் இருந்தன. ஒரு கவுதாரி முழுசாக அங்கே அடங்கிவிடும்.

கேஜ் என்பது பலத்தின் அளவு அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் 12 கேஜ் குழலின் விட்டம், சுமார் 18.5 மி.மீ. 20 கேஜுக்கு 15.6. எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும். 410 மட்டும் கேஜே அல்ல, அங்குலத்தில் சொல்லும் குழல் விட்டம், அதாவது 0.410 அங்குலம். ஒடுங்கிய குழலிலிருந்து வரும் குண்டும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் வருகிறது. குறைவது எண்ணிக்கைதான். 12 கேஜ் தோட்டா ஒன்றில் வழக்கமாக 32 கிராம், 28-இல் 21, 410-இல் 14 கிராம். ஏழரை எண் ஈயக்குண்டு (இந்த எண் ஏற ஏறக் குண்டு சிறுக்கும்) என்றால் முதலாவதில் ஏறத்தாழ 390, கடைசியில் 175. நடுவில் அடிக்கக் கைதேர்ந்தவருக்கு அது போதும். கை பழகாதவர் ஓரத்தில்தான் அடிப்பார். ஓரத்தில் இரண்டு மூன்று குண்டு பட்ட பறவை சாவதில்லை, காயத்தோடு போகிறது.

நாய் காட்டிக்கொடுக்க, காலடியிலிருந்து எழும் காடைக்கு 28 கேஜும் எட்டாம் எண் குண்டும் அருமையான சேர்க்கை. கவுதாரிக்கும் புறாவுக்கும் 20 போதும். தடித்த இறகோடு எட்டத்தில் எழும் ஃபெசன்ட் என்ற பெரிய பறவைக்கு நான் 12-ஐத்தான் எடுப்பேன், ஐந்து அல்லது ஆறாம் எண் குண்டோடு.

அதே கட்டுரையில் வாத்தைப் பற்றி எழுதிய நீங்கள் ஸ்டீல் குண்டைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லையே! நீருக்கடியில் கிடக்கும் ஈயக்குண்டை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கி, இரைப்பையில் அது அரைபட்டு, நஞ்சேறிச் சாகின்றன. அமெரிக்கா 1991-இலேயே நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடைசெய்தது. ஸ்டீல் ஈயத்தைவிட லேசு, அடர்த்தி 11.3-க்கு 7.8. அதனால் குண்டு இரண்டு அளவு பெரிதாக (எண்ணில் இரண்டு குறைவாக) வேண்டும், பெரிய குண்டுக்குத் தோட்டாவில் இடமும் வேண்டும். வாத்துக்கு 12 கேஜில் மூன்று அங்குலத் தோட்டா என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஈயத்துக்கென்று செய்த பழைய துப்பாக்கியில், அதுவும் இறுக்கமான சோக்கோடு (குழல் முனையின் ஒடுக்கம்), ஸ்டீலைப் போட்டுவிடக் கூடாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்துப் பின்னால் 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சளில் செய்வதே இதற்காகத்தான். இரண்டு கேஜையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

புதியவர்களுக்கு 20 கேஜில் லேசான தோட்டா, தோளுக்குப் பொருந்தும்படி நீளம் குறைத்த பின்கட்டை என்று ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தம்பி மகன் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறான். இருபத்தைந்து கஜத்துக்கு மேல் சுடுவதில்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்