கேன்சர் செல் மருந்துக்கு 'பழகுறதில்ல'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேன்சர் பத்தி நம்ம பேப்பர்ல வர்ற கட்டுரைகள்ல "செல்கள் மருந்துக்குப் பழகிவிட்டன"ன்னு ஒரு வரி அடிக்கடி பாக்குறேன், அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கம்மாவுக்கு நுரையீரல் கேன்சர். செல்லை வளரச் சொல்ற ஈஜிஎஃப்ஆர் ஜீன்ல மாற்றம் இருக்குன்னு அதைத் தடுக்கிற மாத்திரை குடுத்தாங்க, மூணு மாசத்துல கட்டி நல்லா சுருங்கிருச்சு, மூச்சு வாங்காம மாடி ஏறினாங்க, ஆனா ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வளந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி ஸ்கேன் கவரை மடியில வச்சுக்கிட்டு "நடுவுல ரெண்டு நாள் மாத்திரை போட மறந்துட்டேன்ல, அதான் பழகிருச்சோ"ன்னு கேட்டாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

மாத்திரைய விடாம போடணும், அது வேற விஷயம். ஆனா செல் எதையும் கத்துக்கிறதில்ல சார். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் சுமார் 600 கோடி எழுத்து டிஎன்ஏவை அது காப்பி எடுக்கணும், அங்கங்க தப்பு விழும், எங்க விழணும்னு யாரும் முடிவு பண்றதில்ல, முக்கால்வாசி தப்பால ஒரு மாத்தமும் இருக்காது. கட்டியில கோடிக்கணக்குல செல் இருக்கிறதால ஏதோ ஒண்ணுல அதே ஈஜிஎஃப்ஆர் புரதத்தோட 790வது இடத்துல த்ரியோனின்ங்கிற அமினோ அமிலம் போய் மெத்தியோனின்ங்கிற இன்னொரு அமினோ அமிலம் வந்து உக்காந்துரும், டி790எம்னு சொல்றது இதைத்தான், இது வந்த செல்லுல அந்த மாத்திரை வேலை செய்யாது. சிலருக்கு மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சம் செல்லுல இது இருக்கும், சிலருக்கு நடுவுல தற்செயலா வரும். மருந்து மத்த செல்லையெல்லாம் அழிச்சதும் இடமும் சத்தும் இதுக்கே கிடைக்குது, பெருகிருது. முதல் தலைமுறை மாத்திரை கேக்காமப் போனவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

டார்வின் சொன்ன அதே இயற்கைத் தேர்வுதான், உடம்புக்குள்ள நடக்குது. 1976லயே அமெரிக்க கேன்சர் ஆராய்ச்சியாளர் பீட்டர் நோவெல் கேன்சரை இப்படித்தான் பாக்கணும்னு எழுதிட்டார், நாம இன்னும் 'பழகிருச்சு'லயே நிக்கிறோம்.

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்ல. பழகிருச்சுன்னு நினைக்கிறவங்க இனி ஒண்ணும் வேலை செய்யாதுன்னு மனசு விட்டுர்றாங்க. எந்த செல் தப்பிச்சுதுன்னு மறுபடி பயாப்சியோ ரத்த டெஸ்டோ எடுத்துப் பாத்தா அடுத்த வழி தெரியலாம், டி790எம் இருந்தா அதுக்குன்னே ஒசிமெர்டினிப்ங்கிற மாத்திரை 2015லயே வந்துருச்சு. அம்மாவுக்கும் அப்படிப் பாத்துதான் மருந்தை மாத்தினாங்க.

அதனால அடுத்த தடவை "தப்பிய செல்கள் பெருகிவிட்டன"ன்னு போடுங்க சார், கூடவே மறு பரிசோதனை பத்தி டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லி ஒரு வரியும் சேத்துருங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி