நெல்லூர் மாப்ளைக்கு ஒரு கடுதாசி

டேய் மாப்ள,

தீபாவளிக்குப் பேசுறேன்னு சொன்னவன் பொங்கல் தாண்டி எழுதுறேன், திட்டுறத மொத்தமா நேர்ல திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் சவுக்கியம், அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவல. பாஸ்கி மறுபடியும் வண்டிய வித்துட்டான், ஏன்னு உனக்கே தெரியும்.

இப்ப எழுதுற விசயம் வேற. நம்ம குரூப்-4 கிளாஸ்ல போன வாரம் மொழிவாரி மாநிலம் நடத்துனேன், அதுலருந்து ஒரே குடைச்சலா இருக்கு. உங்க ஊரு ஆள் பொட்டி ஸ்ரீராமுலு (மெட்ராஸ்ல பொறந்தவர்தான், ஆனா உங்க மாவட்டத்துக்கே அவர் பேர வச்சுட்டாங்கள்ல, அதான் உங்காளுன்றேன்) தெலுங்கு பேசுறவங்களுக்குத் தனி மாநிலம் கேட்டு 1952 அக்டோபர் 19-ல மயிலாப்பூர்ல உண்ணாவிரதம் உக்காந்து 58-வது நாள், டிசம்பர் 15, செத்துப்போறாரு. ஆந்திரா முழுக்க ரயில மறிச்சு, ஸ்டேஷன அடிச்சு நொறுக்கி, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போயி, நாலே நாள், 19-ஆம் தேதி நேரு தனி மாநிலம் தரோம்னுட்டாரு. 1953 அக்டோபர் 1, கர்னூல் தலைநகர், வேலை முடிஞ்சது. மெட்ராஸ் மட்டும் கெடைக்கல, அந்தச் சண்டைய நீ ஆபீஸ்ல வச்சுக்காத.

நம்ம சங்கரலிங்கனார எடுத்துக்கோ. 1956 ஜூலை 27, விருதுநகர்ல அவரும் உண்ணாவிரதம் உக்காந்தாரு. பன்னெண்டு கோரிக்கை, அதுல ஒண்ணு மெட்ராஸ் ஸ்டேட்டுக்குத் தமிழ்நாடுன்னு பேரு வைக்கணும். அப்ப சி.எம். யாரு? காமராஜர்! அதே ஊர்க்காரர்டா, ஆட்சியும் காங்கிரஸ், இவரும் பழைய காங்கிரஸ்காரர், காந்தி ஆளு. யாரும் அசையல. அறுபது தாண்டுன மனுசன், அக்டோபர் 13 மதுரை பெரியாஸ்பத்திரில உயிர் போச்சு, உடம்ப கம்யூனிஸ்ட்காரங்ககிட்ட குடுத்துருங்கன்னு சொல்லிவச்சிட்டுப் போயிருக்காரு, எவ்ளோ வெறுத்துருந்தா அப்படிச் சொல்லியிருப்பாரு யோசி. அடுத்த மூணு வாரத்துக்குள்ள நவம்பர் 1, எல்லை பிரிச்சு மாநிலம் வந்துருச்சு, பேரு மட்டும் வரல. 1967 ஜூலை 18 அண்ணா சட்டசபைல தீர்மானம் போட்டு, அது பார்லிமெண்ட் வரைக்கும் போயி, 1969 ஜனவரி 14-லதான் நடைமுறைக்கு வந்துச்சு. பாவம், அண்ணாவும் பிப்ரவரி 3 போயிட்டாரு.

அங்க நாலு நாள், இங்க பன்னெண்டு வருசத்துக்கும் மேல. இத்தனைக்கும் ஸ்ரீராமுலு கேட்டது ஒரு மாநிலத்தையே வெட்டித் தரச் சொல்லி, இவரு கேட்டது போர்ட மாத்தச் சொல்லி. அங்க கட்சி பாக்காம ஜனம் தெருவுக்கு வந்துச்சு, பயந்துட்டாங்க. இங்க வெறும் பேருதானன்னு விட்டுட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

கிளாஸ்ல ஒரு பொண்ணு கேக்குது, 'சார், இதுல எந்தத் தேதி எக்ஸாம்ல வரும்?' ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க்குல்ல, அதான் அதுக்குக் கவலை. நவம்பர் 1-ஆ ஜூலை 18-ஆ தமிழ்நாடு நாள்னு பசங்களுக்குள்ள ஒரே அடிதடி, 2021-ல ஜூலை 18-னு அரசாங்கமே சொல்லிருச்சு, அத எழுதுங்கன்னுட்டேன். ஆனா அக்டோபர் 13-ஐப் பத்தி ஒருத்தன் வாயத் தொறக்கலடா, விருதுநகர்லருந்து பஸ்ஸேறி வர்ற பயலும் சேத்துத்தான்.

அங்க ஆபீஸ்ல டிசம்பர் 15 என்ன நாள்னு ரெண்டு பேர்கிட்ட சும்மா கேட்டுப் பாரேன், பட்டுன்னு சொல்றாங்களா, இல்ல அங்கயும் இதே லட்சணமா? மறக்காம எழுது. வர்றப்ப ஆவக்காய் ஊறுகா ரெண்டு பாட்டில், போன தடவ மாதிரி பஸ்லயே கவுத்துட்டு வராத.

உன்
வாத்தி